விமானப் பயணிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவை கோரம் (குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைத்து, மறுபடி கூட்டித்தான் நடத்த வேண்டியிருந்தது. இந்த முறை அந்த நிலை வரவில்லை. பின்வரிசைகள் காலியாக இருப்பதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. டெர்மினல் வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டோம். பள்ளி மாணவர்களை நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டினோம். விமான நேரத்துக்கு ஏற்ற நகரப் பேருந்து கேட்டுக் கொடுத்த மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி நாம் கூடியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25 அன்று மறுபடி பறக்கத் தொடங்கின. நாடு முழுவதும் 2019-ல் உள்நாட்டில் பறந்தவர்கள் 14.4 கோடி. 2024-ல் அது 16 கோடியைத் தாண்டிவிட்டது. நாடு மீண்டுவிட்டது, நாம்தான் மீளவில்லை. முன்பு நம் நிலையத்திலிருந்து இரண்டு ஊர்களுக்குப் போன சேவை இன்று ஒன்றாகச் சுருங்கி நிற்கிறது. அந்த ஒன்றும் நண்பகலில் வந்து போகிறது. காலையில் போய் வேலையை முடித்து இரவு வீடு திரும்ப நினைப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

சேவை ஏன் நின்றது என்று வாட்ஸ்அப் குழுவில் பல கதைகள் உலவுகின்றன. அரசியல் என்கிறார்கள், சதி என்கிறார்கள். விஷயம் அவ்வளவு மர்மமானதல்ல. சிறு ஊர்களுக்கும் விமானம் போக வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் அறிவித்த உடான் திட்டத்தில், ஒரு வழித்தடத்தை ஏலத்தில் எடுக்கும் நிறுவனம் குறிப்பிட்ட இருக்கைகளைக் கட்டண வரம்புக்குள் விற்க வேண்டும். அதில் வரும் பற்றாக்குறையை மத்திய அரசும் மாநில அரசும் 80-க்கு 20 என்ற விகிதத்தில் ஈடுகட்டும். இது மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் ஊர் பறக்கப் பழகிவிடும், பிறகு உதவி இல்லாமலே ஓடும் என்பது கணக்கு. பழகாத ஊரில் மூன்றாண்டு முடிந்ததும் விமானம் கிளம்பிவிடுகிறது, சில ஊர்களில் அதற்கும் முன்பே. சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சென்னைக்குத் தொடங்கிய சேவை 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. புதுச்சேரியில் 2024 மார்ச்சில் நின்றது, டிசம்பரில் திரும்பி வந்தது. போன சேவை திரும்பி வரும் என்பதற்கு இவை சான்று. தானாக வராது என்பதற்கும் இவையே சான்று.

ஓடுபாதையை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் ஒரு சாரார் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 2025 ஜூலையில் புதிய டெர்மினலும் திறக்கப்பட்டிருக்கிறது. நமக்கும் அப்படி அமைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஏடிஆர் ரகச் சிறிய விமானத்துக்கு இன்றுள்ள ஓடுபாதையே போதும். அந்த விமானத்தையே நிரப்ப முடியாத ஊருக்கு ஏர்பஸ்ஸை யார் அனுப்புவார்கள்? என் கருத்தை மாற்றிக்கொள்ள இதுவரை யாரும் ஒரு காரணம் சொல்லவில்லை.

78 இருக்கை கொண்ட ஏடிஆர் ஒன்று தினமும் ஒரு முறை வந்து போனால் ஆண்டுக்குச் சுமார் 57 ஆயிரம் இருக்கைகள். முக்கால்வாசி நிரம்ப வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 43 ஆயிரம் பயணங்கள். அத்தனை பேர் நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்களா? தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் இரவோடு இரவாக வண்டி பிடித்து, பெரிய விமான நிலையத்துக்குப் போய் அங்கே ஏறுகிறார்கள். அங்கே ஏறியவர் எந்த ஊரிலிருந்து காரில் வந்து இறங்கினார் என்று டிக்கெட்டில் எழுதியிருப்பதில்லை. விமான நிறுவனத்தின் கணக்கில் அவர் அந்தப் பெரிய நகரத்துக்காரர். நம் ஊரின் தேவை முழுவதும் வேறொரு ஊரின் பெயரில் பதிவாகிறது.

இதற்காகத்தான் பயண விவரத் திரட்டு என்ற பணியைச் சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தேன். படிவம் ஒரே பக்கம். கடந்த ஓராண்டில் எங்கே பறந்தீர்கள், எந்த நிலையத்தில் ஏறினீர்கள், அங்கே போக எவ்வளவு நேரமும் பணமும் ஆயின, இங்கிருந்தே சேவை இருந்தால் எந்த நேரம் வசதிப்படும், அவ்வளவுதான் கேள்விகள். ஆலை முதலாளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் என்று ஒவ்வொரு தரப்பிலும் திரட்டி, எண்களாகத் தொகுத்து, நிறுவனங்களின் வழித்தடத் திட்டமிடும் பிரிவுக்கு அனுப்புவது நோக்கம். பீகாரில் தர்பங்காவுக்கு 2020 நவம்பரில் விமானம் வந்தது. அதுவரை பாட்னா போய் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே ஏறத் தொடங்கினார்கள். விமானம் வருவதற்கு முன்பும் அந்தக் கூட்டம் அங்கேதான் இருந்தது, கணக்கில்தான் தெரியவில்லை. நம்மிடமும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்பதை நாம்தான் எழுதிக் காட்ட வேண்டும். "எங்கள் ஊருக்கு விமானம் வேண்டும்" என்ற மனுவை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எந்த நேரத்துக்கு, எங்கே போக, எத்தனை பேர் என்று சொல்லும் தாளைத்தான் படித்துப் பார்ப்பார்கள்.

தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறியது. படிவங்களும் போயின. திரும்பி வந்தவை விநியோகித்தவற்றில் கால்வாசிகூட இல்லை. வந்தவற்றிலும் பல, பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் நிரப்பியவை. ஒரு மருத்துவமனையும் சில நூற்பாலைகளும் ஒழுங்காக நிரப்பி, பயண ரசீதுகளின் நகலையும் சேர்த்துக் கொடுத்தன. அவர்களில் யாரும் நம் உறுப்பினர்கள் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். புதிய வழித்தடம் கேட்டுக் காரசாரமாகப் பேசி அன்றைய தீர்மானத்தை வழிமொழிந்த உறுப்பினர், அடுத்த மாதமே குடும்பத்தோடு பெரிய நிலையத்திலிருந்து பறந்தார். அங்கே டிக்கெட் கொஞ்சம் மலிவாம். வாடகைக் காரும் சுங்கச்சாவடிக் கட்டணமும் போக எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். அவர் இன்றைக்கும் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் திரட்டியவரை தொகுத்து, நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையிலான விமான நிலைய ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு வைத்தோம். காலை நேரச் சேவை வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் தாள்தான் ஆதாரமாக நின்றது. இரண்டு விமான நிறுவனங்களுக்கும் அதை அனுப்பினோம். ஒன்று மேலும் விவரம் கேட்டிருக்கிறது. கேட்ட விவரத்தைக் கொடுக்க மீதிப் படிவங்கள் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியது, ஓரளவு கையிருப்பு உண்டு, அச்சுக் கூலியில் ஒரு பகுதி பாக்கி. சந்தா நிலவரம் சொல்லும்படியாக இல்லை. ஒரு வருடம் பாக்கி வைத்திருப்பவர்களை மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று வருடம் வைத்திருப்பவர்களை என்னவென்று எடுத்துக்கொள்வது என்பதைப் பொதுக்குழுதான் சொல்ல வேண்டும். அவர்களில் சிலர் டெர்மினலில் குளிர்சாதனம் சரியில்லை என்று சங்கத்துக்கு எழுதத் தவறுவதே இல்லை.

ஆலோசனை வழங்கிய தலைவருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், ஒத்துழைத்த நிலைய அதிகாரிகளுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், செய்தி வெளியிட்ட பத்திரிகை நண்பர்களுக்கும் நன்றி. படிவங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக நன்றி. அவர்களில் பெரும்பாலோர் இன்னும் விமானத்தில் ஏறியதில்லை.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். குளிர்கால அட்டவணை அக்டோபர் 26 அன்று தொடங்குகிறது. அதை நிறுவனங்கள் ஏறக்குறைய முடித்திருப்பார்கள், அதில் நமக்கு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நம் இலக்கு 2026 மார்ச் 29 அன்று தொடங்கும் கோடைக்கால அட்டவணை. அதற்கான நேர ஒதுக்கீட்டை நிறுவனங்கள் பல மாதங்கள் முன்பே கேட்டுவிடுவார்கள். ஆகவே படிவங்கள் செப்டம்பருக்குள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் விவரம் கேட்ட அந்த நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுதப்போகும் செயலாளர் நானாக இருப்பேனா என்பதும் உறுதியில்லை. பொறுப்பை ஏற்க முன்வருபவர் யாராக இருந்தாலும் கோப்பு முழுவதையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை.

படிவக் கட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்