மலேசியாவின் சுங்கை சிப்புட் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மாமார்களே,

தோட்டத்து வீடுகளில் துணி போர்த்திக் கிடந்த ஆப்பிள் டூ-ஈ (Apple IIe) என்ற எண்பதுகளின் கணினிகள் உங்கள் கடைக்கு வரும்போது, "அப்கிரேட் பண்ணித் தாங்க" என்று கேட்பார்கள். அந்த வேலையை அரைகுறையாகச் செய்து அனுப்பிவிடாதீர்கள்.

முதலில் மின்வழங்கிப் பெட்டியைப் பாருங்கள். உள்ளே 0.1 மைக்ரோபேரட், 250 வோல்ட் காகித மின்தேக்கி ஒன்று இருக்கக்கூடும். அதன் மேலுறை காலப்போக்கில் வெடிப்பு விட, நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும். மின்சாரம் கொடுத்த சிறிது நேரத்தில் புகை கிளம்பும். இங்குள்ள மின்னழுத்தமும் அந்த 250 வோல்ட் எல்லையை ஒட்டியே இருக்கிறது. வெடிப்பு தெரியாவிட்டாலும் கழற்றிவிட்டு 275 வோல்ட் எக்ஸ்2 வகை பிலிம் மின்தேக்கியைப் போடுங்கள். பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது இறங்கும்வரை கை வைக்க வேண்டாம்.

அடுத்து, கண்ட்ரோல், ரீசெட், வலப்பக்க ஆப்பிள் சாவி மூன்றையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். கணினி தன்னைத்தானே சோதிக்கும். சோதனை முடிவில் "கெர்னல் ஓகே" என்று வந்தால் மேம்படுத்தாத பழைய பலகை. "சிஸ்டம் ஓகே" என்றால் மேம்பாடு ஏற்கெனவே நடந்திருக்கிறது, ரோம் (நிலையான நிரல் பதிந்த சிப்) மாற்ற வேண்டியதில்லை.

1985-இல் ஆப்பிள் கொடுத்த மேம்பாட்டுத் தொகுப்பில் நான்கு சிப்புகள்: 65சி02 செயலி, சிடி ரோம் (342-0304; இது குறுந்தட்டு அல்ல, ஒரு சிப்பின் பெயர்), ஈஎஃப் ரோம் (342-0303), எழுத்து ரோம். நான்கையும் ஒரே அமர்வில் மாற்றுங்கள். புது ரோம்களின் நிரலில் 65சி02-க்கே உரிய கட்டளைகள் இருப்பதால் பழைய 6502 செயலியை விட்டுவைத்தால் இயந்திரம் நின்றுவிடும். எழுத்து ரோமை மட்டும் விட்டுவிட்டால் கணினி ஓடும். ஆனால் மெனுவில் மவுஸ்டெக்ஸ்ட் படக்குறிகள் வரவேண்டிய இடத்தில் தலைகீழ் நிறத்தில் பெரிய எழுத்துகள் நிற்கும். திரை கெட்டுவிட்டது என்று எண்ணி மானிட்டரைப் பிரிக்க வேண்டாம். எழுத்து ரோம் வாங்கும்போது கவனம் தேவை: பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் பலகைக்கும் அமெரிக்கப் பலகைக்கும் அது ஒன்றல்ல.

சிப்பின் வெட்டுக்குறி பழைய சிப் இருந்த திசையையே பார்க்க வேண்டும். செயலியின் 40 கால்களில் ஒன்று சாக்கெட்டுக்கு அடியில் மடங்கினாலும் கணினி எழாது, மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஆகவே இரு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள்.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆப்பிள் டூ-வின் இயங்குதளமான புரோடாஸில் (ProDOS) 2.0 வரிசைக்குத்தான் 65சி02 கட்டாயம். 2016-இல் வந்த 2.4 பதிப்பு 64 கேபி நினைவகம் உள்ள பழைய டூ-ஈ-யிலும் ஓடும். அவருக்குப் புரோடாஸ் மட்டும் போதும் என்றால் ஒரு வட்டு எழுதிக் கொடுத்தாலே வேலை முடிந்தது. சிப்புக்குப் பணம் வாங்குவது நியாயமில்லை.

கழற்றிய நான்கு சிப்புகளும் அவருடைய சொத்து. நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, எது எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி ஒப்படையுங்கள். 6502-இன் ஆவணப்படுத்தாத கட்டளைகளை நம்பி எழுதிய பழைய விளையாட்டுகள் 65சி02-இல் ஓடாது. அவற்றுக்காக அவர் திரும்பவும் பழைய சிப்புகளைக் கேட்டு வரக்கூடும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரப் பழைய கணினி உரிமையாளர்கள்