கிராஞ்சிக்குப் போய்வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில் நீ எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. "இவ்வளவு பேரா அக்கா!" என்று கேட்டிருந்தாய். அங்கே புதைக்கப்பட்டவர்களில் 10 பேரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே போகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம், சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்தது. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து ஒரு பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் 14 பேர் கிளம்பினார்கள். படகின் பெயர் 'கிரைட்', அதாவது நம் கட்டுவிரியன். உடம்பில் சாயம் பூசி, கைலி கட்டி, ஜப்பான் கொடியையும் ஏற்றிக்கொண்டு எதிரியின் கடலுக்குள் போனார்கள். 26ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் அதிகாரி ஐவன் லயன் தலைமையில் 6 பேர், மூன்று மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டே சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். கப்பல்களில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு இருட்டோடு இருட்டாக வெளியேறினார்கள். 7 கப்பல்களைத் தாக்கியதாக அவர்கள் கணக்குச் சொன்னார்கள். 14 பேரும் உயிரோடு திரும்பினார்கள். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு லயன் மறுபடியும் வந்தார். மொத்தம் 23 பேர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிடிபட்டவர்களில் 10 பேரை ஜப்பானியர் 1945 ஜூலை 7 அன்று தலைவெட்டிக் கொன்றார்கள். ஜப்பான் சரணடைய ஆறு வாரம்கூட இல்லை. அந்த 10 பேர்தான் கிராஞ்சியில் இருக்கிறார்கள். முதல் தாக்குதலில் துடுப்புப் போட்ட ராபர்ட் பேஜும் அவர்களில் ஒருவர்.

இத்தோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் தாக்குதலில் கப்பல்கள் வெடித்தபோது, வெளியிலிருந்து யாரோ வந்திருப்பார்கள் என்று ஜப்பானியருக்குத் தோன்றவில்லை. தாக்கியது நாங்கள்தான் என்று நேச நாடுகளும் வாய் திறக்கவில்லை. சந்தேகம் முழுவதும் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்து வைத்திருந்த கைதிகள் மீதும் ஊர்மக்கள் மீதும் விழுந்தது. 1943 அக்டோபர் 10 அன்று தொடங்கி, கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. 15 பேர் செத்தார்கள். சிறைக்குள் இருந்தவர்களுக்கு உதவிய எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் வதைபட்டார். துறைமுகத்தில் நடந்தது அவர்கள் யாருக்கும் தெரியாது தம்பி. அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களும்தான்.

அவர்களை வதைத்த இடம் ஆர்ச்சர்ட் சாலை ஒய்எம்சிஏ. அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, கூட்டத்தில் கண்ணில் படாது. அடுத்த முறை கிராஞ்சிக்குப் போனால், சிவப்புத் தட ரயிலில் ஏறி நேராக டோபி காட்டில் இறங்கு. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தப் பலகையையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா