பின்பனிக்கு ஒரு சுவர்த் தோட்டம்: ஓவியச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஆண்டு முழுவதும் நம் கையைப் பிடித்திழுத்த வேலை ஒன்றுதான்: கூட்ட அறையின் வடக்குச் சுவரில் வரைந்த தோட்டம். இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். ஓசூர் மேட்டில் விடிந்து நெடுநேரம் மூட்டம் விலகாது. கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக்கும் காய்ந்த புல்லுக்கும் நிற வேறுபாடே தெரியாது. மழைக்காலப் பச்சை வற்றிப்போயிருக்கும். கொன்றை பூக்கச் சித்திரை வரவேண்டும். அந்த நாட்களின் மனச்சோர்வுக்கு ஓவியர்கள் கண்ட மருந்து பழமையானது: பூக்காத பருவத்தில் பூப்பதை வரைந்து வைத்துக்கொள்வது.

நமக்கு முன்மாதிரி, ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில் 1863-இல் வெளிப்பட்ட லிவியாவின் தோட்ட அறை. லிவியா அகஸ்டஸ் மன்னரின் மனைவி. பாதி நிலத்துக்குள் இறங்கிய அந்த அறையின் நான்கு சுவர்களிலும் கி.மு. முதல் நூற்றாண்டில் வரைந்த தோட்டம், இன்று ரோமின் பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதுளையும் சீமை மாதுளையும் காய்த்துத் தொங்க, அரளியும் ரோஜாவும் கசகசாவும் ஒரே நேரத்தில் பூத்திருக்கின்றன. எந்த மாதத்திலும் அப்படி ஒரு தோட்டம் இருக்க முடியாது. நமக்கு இது புதிதுமல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களும் ஒரே பருவத்துப் பூக்களல்ல.

இப்படி வரைவதற்கு ஓராண்டு வேண்டும். பூக்களை வரைந்த ஓவியர் யான் புரூகல், தன் ஊரான ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத பூக்களை வரையப் பிரஸ்ஸல்ஸ் வரை போய்வந்ததாக 1606-இல் கர்தினால் பொரோமியோவுக்கு எழுதினார். பூவை அதன் மாதத்தில் நேரில் பார்த்து வரைந்த படிவம் கையில் இருந்தால்தான் சுவரில் உயிர் வரும். ஆகவே ஆவணி முதல் கார்த்திகை வரை காந்தள், தையில் மாம்பூ, மாசியில் புரசு, சித்திரையில் கொன்றை என்று குறிப்பேட்டில் சேர்த்தோம். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தவை தட்டையாகவே நின்றன. இதழின் பின்பக்கம் எப்படி மடிகிறது என்பதைப் படம் சொல்வதில்லை.

இனி சுவர். பழைய டிஸ்டெம்பரின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. இரண்டே மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். சுரண்டி, சிமெண்டுப் பூச்சைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் நீர் தெளித்தோம். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மேல்பூச்சுக்குச் சலித்த நுண்மணல் ஒன்றரைப் பங்கு போதும். சுண்ணாம்பு குறைந்தது மூன்று மாதம் தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நீறாத கட்டிகள் சுவரிலேயே நீறி வெடித்து, வரைந்த இலையில் பொத்தல் விழும். மேல்பூச்சில் கடுக்காய்ச் சாறு வேண்டாம். இரும்புச் சட்டி பட்டால் கறுத்துவிடும்.

ஈரம் காயுமுன் வண்ணம் ஏற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துக் கல்லாகும்போதுதான் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் மாசிக் காற்று வறண்டது. சுவர் சீக்கிரம் உலர்ந்தால் அந்தப் பிடிப்பு வராது; விரலால் தடவினால் பொடியாக வரும். வலது மூலையில் நடந்தது அதுதான், அந்த ஆறடியைக் கொத்திவிட்டு மீண்டும் பூசினோம். அதன்பின் சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு நான்கடிக்கு நான்கடி மட்டும், காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்தோம்.

வண்ணங்களில் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, எல்லோ ஆக்சைடு, கரி, சலவை நீலம் நான்கும் போதும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் பழுப்பாகிவிடும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளுக்கும் என்பதால், ஒரு ஓட்டில் பூசி இரண்டு நாள் விட்டுப் பார்த்த பிறகே சுவருக்குப் போக வேண்டும்.

ஆழம் வருவதுதான் கடினம். லிவியாவின் சுவரில் முன்னால் ஒரு தாழ்ந்த வேலி, பிறகு நடைபாதை, அடுத்துக் கல் கைப்பிடிச் சுவர், அதன் பின்னே மரங்கள். தொலைவில் இருப்பவை நீலம் கலந்து மங்கி, இலையின் ஓரமே தெரியாமல் நிற்கின்றன. பார்ப்பவர் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதாக உணர்வது அதனால்தான். நாம் பாயில் உட்காருகிறவர்கள் என்பதால் வேலியை இரண்டடி உயரத்தில் வைத்தோம். தொலைவு மரத்துக்குப் பச்சை ஒரு பங்கு, சுண்ணாம்பு வெள்ளை இரண்டு பங்கு, ஒரு சிட்டிகை நீலம். முதல் வரைவில் எல்லா இலைக்கும் நரம்பு போட்டிருந்தோம்; சுவர் சேலைக்கரை மாதிரி ஆகிவிட்டது.

வேலியில் காந்தளை ஏற்றியது சரியான முடிவு என்று நினைக்கிறேன். அதன் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடிக்கும். அந்தச் சுருளை வரைந்ததும் கொடி நிஜமாகவே தொற்றி நிற்கிறது. இதழ் ஆறும் மேல்நோக்கி மடிந்து, அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் நெளியும். மாம்பூவுக்கு முதலில் செந்தண்டு, பிறகு முரட்டு பிரஷ்ஷை வெட்டிக் குட்டையாக்கி மஞ்சள் கலந்த வெள்ளையை ஒற்றி எடுக்க வேண்டும். வெறும் வெள்ளையில் புள்ளி வைத்தால் மல்லிகை ஆகிவிடும். அதே கிளையில் பழுத்த மாங்காயும் தொங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், மியூனிக் அரண்மனைக் கூரைமேல் குளமும் வரைந்த இமயமலையும் கொண்ட குளிர்காலத் தோட்டம் அமைத்தார். குளத்து நீர் கீழே உள்ள அறைகளுக்குள் கசிந்து, 1897-இல் அதைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. நம் சுவரின் மறுபுறம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அடியில் உப்புப் பூக்கத் தொடங்கிவிட்டது. வேலியின் கீழ்ப்பகுதி ஓதத்தில் போவதற்குள் தொட்டியை நகர்த்த ஒப்புதல் வேண்டுகிறேன்.

மேற்குச் சுவருக்கான சுண்ணாம்பை ஐப்பசி முடிவதற்குள் ஊறப்போட வேண்டும். காந்தள் படிவம் இல்லாதவர்கள் ஆவணியிலேயே தொடங்கவும். குறிப்பேடுகளைத் தை மாதக் கூட்டத்தில் ஒப்படைக்கவும்.

நன்றி.
செயலாளர்,
கிருஷ்ணகிரி.