டைரியில் ஒற்றை எழுத்து

ஊஸ்டர்,
அக்டோபர் 20

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் அம்மா. ஃபோனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று அவசரப்படுவாய். அதனால்தான் காகிதம்.

நேற்று மாப்பிள்ளை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு காடார்ட் பிறந்த வீட்டைக் காட்டக் கூட்டிப்போனார். திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட்டை உலகத்திலேயே முதலில் விட்டவர் ராபர்ட் காடார்ட் என்று ராக்கெட் வேலையில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அக்கா இருக்கும் இந்த அமெரிக்க ஊர்க்காரர்தான் அவர் என்பதே எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். (வொர்செஸ்டர் என்று எழுத்துக் கூட்டிவிட்டு ஊஸ்டர் என்று படிக்கிறார்கள். நான் போர்டைப் பார்த்துப் படித்தால் பேரன் சிரிக்கிறான்.)

வீடு மேப்பிள் ஹில் என்கிற மேட்டில் இருக்கிறது. ஏறுவதற்குள் முட்டி இரண்டும் கெஞ்சின. பழைய மர வீடு. உள்ளே போகவில்லை, ரோட்டில் நின்றபடியே பார்த்தோம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று வெறிக்கிறோமே என்று அம்மாவுக்குக் கூச்சம், இரண்டடி தள்ளியே நின்றாள். 1882-ல் இங்கே பிறந்திருக்கிறார். கைக்குழந்தையிலேயே பாஸ்டன் பக்கம் போய்விட்டார்கள். தாயாருக்குக் காசநோய் வந்ததும் 1898-ல் திரும்பி வந்தார்கள். மறு வருஷம் அக்டோபர் 19, வயது 17. பட்டுப்போன கிளைகளைக் கழிக்க ரம்பமும் கைக்கோடரியுமாகப் பின்பக்கத்துச் செர்ரி மரத்தில் ஏறியவர், வேலையை மறந்துவிட்டுச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போக ஒரு யந்திரம் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினேன் என்று பின்னால் எழுதியிருக்கிறார். அந்தத் தேதியைக் கடைசி வரை டைரியில் ஆண்டு விழாவாகவே குறித்துவந்தார். மாப்பிள்ளை நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். மரம் இப்போது இல்லை, 1938 புயலில் சாய்ந்துவிட்டது.

மரத்தில் ஏறின கதையை விட எனக்குப் பிடித்தது அவருடைய பலூன் கதை. பையனாக இருந்தபோதே அலுமினியத் தகட்டில் பலூன் செய்து பார்த்திருக்கிறார். கனம் தாங்காமல் அது கிளம்பவே இல்லை. டைரியில் "தோல்வி" என்று எழுதும்போது அந்த வார்த்தையிலேயே எழுத்துப் பிழை விட்டிருக்கிறார். நீ ஏழாவது படிக்கும்போது என் பட்டறைத் தகரத்தை வெட்டி ஹெலிகாப்டர் செய்து, காலைக் கிழித்துக்கொண்டு ஒன்பது தையல் போட்டோமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது.

1913-ல் அவருக்கே காசநோய் வந்து, இரண்டு வாரம்தான் என்று டாக்டர்கள் கெடு வைத்தார்களாம். இந்த ஊருக்கு வந்து படுத்துத் தேறி, மறு வருஷமே திரவ எரிபொருளுக்கு ஒன்று, அடுக்கு ராக்கெட்டுக்கு ஒன்று என்று இரண்டு பேட்டன்ட் வாங்கிவிட்டார்.

அப்புறம் ஆபர்ன் போனோம், பக்கத்தில்தான். அவர் எஃபி அத்தை என்று கூப்பிட்ட தூரத்துச் சொந்தக்காரம்மாவின் தோட்டம் அங்கே இருந்திருக்கிறது. இப்போது அது கோல்ஃப் மைதானம், அவர் அந்த முதல் ராக்கெட்டை விட்ட இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள். 1926 மார்ச் 16, தரையெல்லாம் பனி. ராக்கெட் 41 அடி எழும்பி, 184 அடி தள்ளிப் போய் விழுந்தது. மொத்தம் 2.5 விநாடி. நம் கொல்லைத் தென்னை அதைவிட உயரம். கல்லிலிருந்து 184 அடியை எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன், என் காலுக்கு எழுபத்தேழு வந்தது. கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவர் பந்தைத் தேடுகிறேன் என்று நினைத்து உதவிக்கு வந்துவிட்டார்.

மாப்பிள்ளை ஃபோனில் அந்த ராக்கெட்டின் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எரிகிற அறையும் நெருப்பைக் கக்குகிற நாசிலும் உச்சியில் இருக்கின்றன. பெட்ரோல், திரவ ஆக்சிஜன் டேங்குகள் அடியில். நடுவில் இரண்டு மெல்லிய குழாய். எரிபொருளும் அதில்தான் ஏறுகிறது, சட்டமும் அதுதான். மேலேயிருந்து வரும் நெருப்பு டேங்கில் படாமல் இருக்க ஒரு கூம்பு மூடி. இழுக்கிற எஞ்சின் மேலே இருந்தால் ராக்கெட் நேராகப் போகும் என்று அப்போது நம்பியிருக்கிறார். அது தப்பு, பின்னால் அவரே மாற்றிவிட்டார். ஆனால் அந்தக் குழாய் வளைவுகளைப் பார்த்தேன் கண்ணு. சுத்தமான கை. முப்பத்திரண்டு வருஷம் பம்பு கம்பெனியில் லேத் பிடித்தவன் சொல்கிறேன், அது புரொஃபசர் கை இல்லை.

இதைச் செய்தது யார் என்று கேட்டேன். தேடிப் படித்துச் சொன்னார்: ஹென்றி சாக்ஸ். காடார்ட் புரொஃபசராக இருந்த கிளார்க் பல்கலைக்கழகப் பட்டறையில் மெஷினிஸ்ட். அன்றைக்கு நீளக் கழியின் நுனியில் புளோ டார்ச்சைக் கட்டி, உச்சியில் நெருப்பு வைத்ததும் அவரே. பக்கத்தில் பெட்ரோல், ஆக்சிஜன், கையில் நெருப்பு!

போன மாதம் நீ சொன்னாயே, டெஸ்ட் நன்றாக முடிந்தால் மேலே இருப்பவர்கள் படம் பேப்பரில் வரும், வால்வு மாட்டினவன் பெயர் ஒருத்தனுக்கும் தெரியாது என்று. "சம்பளம் வருதல்ல?" என்று நான் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். நீ பதில் பேசாமல் ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அந்த நாளின் டைரியையும் மாப்பிள்ளை படித்துக் காட்டினார். காலையில் "எஸ்"ஸோடு ஆபர்ன் போனேன், மத்தியானம் ஒரு மணிக்கு "ஈ"யும் மிஸ்டர் ரூப்பும் வந்தார்கள், இரண்டரைக்கு ராக்கெட்டைச் சோதித்தோம், நாசிலின் கீழ்ப்பாதி எரிந்துபோன பிறகு கிளம்பியது. இவ்வளவுதான். எஸ் என்றால் சாக்ஸ். ஈ என்றால் அவர் மனைவி எஸ்தர். உடன் வேலை பார்த்த வாத்தியார் ரூப்புக்கு மட்டும் மிஸ்டர் போட்டு முழுப் பெயர். "கட்டின பொண்டாட்டிக்கும் ஒரே எழுத்துதானா?" என்று அம்மா கேட்டாள். கூடவே இருக்கிறவர்களுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எஸ்தர்தான் பாராசூட் தைத்தார், டைப் அடித்தார், படம் பிடித்தார். 1945-ல் காடார்ட் இறந்த பிறகு அவர் விடாமல் அலைந்து வாங்கிய பேட்டன்ட் 131. மொத்தமே 214தான். அன்றைக்கும் கேமராவைப் பிடித்திருந்தது அவர்தான். சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா, ஏழு விநாடிதான் ஓடும். ராக்கெட் கிளம்புவதற்குள் நின்றுவிட்டது.

1929-ல் சத்தத்துக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் புகார் போய், இங்கே விடக் கூடாது என்று ஆகிவிட்டது. 1930-ல் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே வாடகைக்கு இருந்த பண்ணை வீட்டையும் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு ஃப்ளைட்டில் போக வேண்டுமாம். அடுத்த தடவை பார்க்கலாம்.

நாங்கள் அடுத்த மாதம் கிளம்புகிறோம். பரணில் என் மைக்ரோமீட்டர் பெட்டி இருக்கிறது, எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வை. இன்னொன்று. திரவ ஆக்சிஜன் போகிற லைனில் ஜாயின்ட்டுக்கு நீங்கள் என்ன கேஸ்கட் போடுகிறீர்கள்? அந்தக் குளிருக்கு ரப்பர் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடுமே. சாக்ஸ் என்ன போட்டிருப்பார் என்று நேற்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

அன்புடன்,
அப்பா