சாவிக்கொத்து கொடுத்த சமயோசிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. வகுப்பில் வலிப்பு வந்து விழுந்த மாணவனின் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி 'சமயோசிதமாகக் காப்பாற்றிய' பள்ளி நர்ஸுக்குப் பாராட்டு. பக்கத்திலேயே சாவிக்கொத்தின் படம் வேறு. நானும் பள்ளி நர்ஸ்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. எங்களைப் பாராட்டி ஒரு வரி அச்சில் வருவதே அபூர்வம் என்பதால் திரும்பவும் படித்துப் பார்த்தேன். திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நினைவில்லாமல் கிடக்கிற பிள்ளையின் வாயில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுக்குழாய்க்குள்தான் போகும். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். அதற்குள் யாராவது சாவியைத் திணித்துவிடுகிறார்கள். தானாக நின்ற வலிப்புக்குச் சாவி பேர் வாங்கிக்கொண்டு போகிறது. செய்ய வேண்டியது என்னவோ கொஞ்சம்தான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது கொடுத்து, டையைத் தளர்த்தி, கை காலை அமுக்காமல், வாயில் எதையும் வைக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலேயே மறுபடி இழுத்தாலோ 108. இதைப் படம் பிடித்தால் நன்றாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். நர்ஸ் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பேனா நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல் பிடிக்கவில்லை. டீச்சர் என்னவென்று கேட்டதற்குக் குழறினாள். அடுத்த நிமிடம் ஜன்னல்களையெல்லாம் திறந்து மொத்த வகுப்பையும் மைதானத்துக்கு ஓட்டினார்கள். கேஸ் அடித்துவிட்டதாம்! அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த ராத்திரியை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் மயங்கியதையும், நவம்பரில் மறுபடி அதே கதை நடந்ததையும் நீங்களே எழுதினீர்கள். ஆனால் காற்றில் வந்த விஷம் ஒரே ஒரு பிள்ளையை, அதுவும் அவளுடைய வலது பக்கத்தை மட்டும் தேடிப் பிடிக்குமா?

சிரிக்கச் சொன்னேன், வாய் ஒரு பக்கம்தான் போனது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன், வலது கை மெல்ல இறங்கியது. பேரைக் கேட்டேன். தெரிகிறது, வாயில் வரவில்லை. அவள் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்தேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. சர்க்கரை இறங்கினாலும் இப்படிப் பக்கம் இழுக்கும், அதனால் அதை முதலில் பார்த்தாக வேண்டும். (குளுக்கோமீட்டர் என் சொந்தக் காசில் வாங்கியது. ஸ்ட்ரிப்பும் அப்படித்தான்.) கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள் என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டு, நேரத்தை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

அதற்குள் ஒருவர் சோடா வாங்கி வந்தார், ஒருவர் தைலத்தோடு வந்தார், ஒருவர் "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்றார். இவர்களை அவள் வாயிலிருந்து தள்ளி வைப்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலை. அலுவலகத்திலோ, "பேரன்ட்ஸ் வரட்டும், கரஸ்பாண்டென்ட் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆம்புலன்ஸ் சொல்லலாம்" என்கிறார்கள். 108 தமிழ்நாட்டுக்கு 2008-இலேயே வந்துவிட்டது. அதைக் கூப்பிட யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நான் கூப்பிட்டேன். வண்டி வந்த பிறகும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், எத்தனை வருடமாக எழுதுகிறீர்கள்!

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எப்ப ஆரம்பிச்சது?" என்பதுதான். உள்ளங்கையைக் காட்டினேன். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. பக்கவாதம். பிள்ளைகளுக்கு வருவது குறைவுதான், ஆனால் வரும். பள்ளியில் இன்றைக்கும் பலர் நம்பவில்லை. அவள் இப்போது பள்ளிக்கு வருகிறாள், எழுத்து மட்டும் இன்னும் பழையபடி வரவில்லை. எனக்கு வந்தது ஒரு மெமோ: அனுமதியில்லாமல் ஆம்புலன்ஸை வளாகத்துக்குள் வரவழைத்து மற்ற பெற்றோரிடையே பீதி கிளப்பியதற்கு விளக்கம் தரவும். இதில் சாவிக்கொத்து இல்லாததால் உங்கள் நிருபர் யாரும் வரவில்லை.

சொல்ல ஆரம்பித்த பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் 'சிக் ரூம்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டில், அதன்மேல் பாதி இடத்தில் பழைய கேள்வித்தாள் கட்டு, மீதியில் விளையாட்டு விழா ஷீல்டுகள். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் முதலில் ஷீல்டுகளை இறக்க வேண்டும். நாப்கின் கணக்கு, குடற்புழு மாத்திரைக் கணக்கு, அடையாள அட்டைக்கு ரத்தவகை எழுதுவது, டீச்சர் லீவு போட்டால் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, பரீட்சை ஹாலில் நிற்பது எல்லாம் நான்தான். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த அரை நர்ஸும் கிடையாது. மருத்துவக் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும். வலிப்பு அந்தத் தேதியில் வந்தால் பிள்ளை பிழைத்தது.

பெற்றோரையும் விடமாட்டேன். அட்மிஷன் ஃபாரத்தில் 'வலிப்பு உண்டா' என்ற இடத்தில் எல்லாரும் 'இல்லை'தான். விழுந்த பிறகு அம்மா வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பொம்பளப் புள்ள மிஸ், நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும்" என்பார். இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999-இலேயே எடுத்துவிட்டார்கள், எங்கள் தெருக்களில் இன்னும் எடுக்கவில்லை. மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதை நான் வேண்டாம் என்பதில்லை, தாயத்துக் கட்டிய கையோடு மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மிடசோலம் ஸ்பிரேயை ஒரு தகப்பனார் நம்பிக்கையோடு பள்ளியில் கொடுத்து வைக்க வந்தார். வலிப்பு நிற்காவிட்டால் மூக்கில் அடிப்பது. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டு நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார், தப்பு அவருடையது மாதிரி.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிச் செய்தி தவறு என்று ஒரு வரி போடுங்கள். கூடவே, ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரே ஒரு ராசியின் அளவுக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்யக்கூடாது, முகம் கோணிப் பேச்சுக் குழறினால் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். வெட்டி எடுத்து ஸ்டாஃப் ரூமில் ஒட்டிக்கொள்கிறேன். நான் சொன்னால் கேட்பதில்லை, பேப்பரில் வந்தால் கேட்பார்கள்.

இதை வெளியிடுவதாக இருந்தால் பெயரைப் போட வேண்டாம். மெமோவுக்கு நான் இன்னும் பதில் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பள்ளிச் செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.