பதினாலாம் நம்பர் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பாட்டி சின்ன வயசில் இருந்த வீட்டைத் தேடுகிறேன் என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக உங்களையெல்லாம் படுத்தி எடுத்துவிட்டேன். அவரவரிடம் நேரில் நன்றி சொன்னேன்தான். ஆனால் ஒருவர் செய்த உபகாரம் இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துச் சொல்கிற மாதிரி இந்த மடல்.

என் கையில் இருந்தது ஒரே ஒரு தபால் கார்டு. 1935ல் செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பாட்டியின் அப்பாவுக்கு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட கார்டு. விலாசத்தில் அவர் பெயர், பக்கத்தில் ‘கம்பாசிட்டர்’ (அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர்), அதற்குக் கீழே ‘கச’ என்று இரண்டு எழுத்து, ஒரு கோயில் தெரு, சென்னப்பட்டணம். அவ்வளவுதான். எந்தப் பேட்டை என்று இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது எங்கள் வீட்டிலும் கட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அப்போது பாட்டிக்கு ஆறு வயது. “தெருக்கோடியில் ஆறு, எதிர்த்தாற்போல ஒரு குழாயடி” என்பதற்கு மேல் பாட்டிக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

தெருவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் இன்று வேறொரு குடும்பம் இருக்கிறது. பிள்ளையார் கோயில் தெரு மாதிரி பேட்டைக்குப் பேட்டை இருக்கிற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா ‘திருவல்லிக்கேணிதான்’ என்று அடித்துச் சொன்னதை நம்பி இரண்டு மாசம் அங்கே வெயிலில் அலைந்தேன்.

அலைச்சலை நிறுத்தியவர் தபால்தலை சேர்க்கிற பெரியவர். தபால் இலாகாவில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டை வாங்கியதும் விலாசத்தைப் படிக்கவே இல்லை, ஓரத்தில் இருந்த முத்திரையைத்தான் பார்த்தார். “இது போட்ட ஊர் முத்திரை. அது கிடக்கட்டும். பட்டுவாடா பண்ண ஆபீசும் ஒண்ணு குத்தியிருப்பான், அது எங்கே?” மை பாதி அழிந்த ஒரு வட்டம், எழுத்தின் மேலேயே விழுந்திருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, லென்ஸை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நடுவில் ஆறு எழுத்து தேறியது. சிந்தாதிரிப்பேட்டை! கூவம் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிற பேட்டை. பாட்டி சொன்ன ஆறு அதுதான்.

‘கச’ விவகாரத்துக்கு வருகிறேன். இனிஷியல் என்று நினைத்து, க.ச. என்று யாராவது உண்டா என வீட்டுப் பெரியவர்களையெல்லாம் கேட்டிருந்தேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் அண்ணன், கார்டைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது எழுத்து இல்ல, இலக்கம். ௧௪. பதினாலு.” தமிழ் இலக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் நான். வெட்கமாக இருந்தது.

பழைய வரைபடங்கள் கை கொடுக்கும் என்று நினைத்தேன். 1909ல் வந்த இம்பீரியல் கெசட்டியர் அட்லசில் மதராஸ் நகரப் படம் இருக்கிறது, பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த அளவுப் படத்தில் பேட்டை ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும், வீட்டை எங்கே தேடுவது? அந்தக் காலத்து விலாசப் புத்தகமான அசைலம் பிரஸ் அல்மனாக்கில் தெருவாரியாகப் பெயர்கள் வரும் என்று கேள்விப்பட்டு அதையும் புரட்டினேன். துரைமார், வக்கீல்கள், கம்பெனிகள். அச்சுக் கோக்கிறவருக்கு அதில் இடமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்த ஊழியர் அம்மாவுக்கு என் நன்றி. கிடைக்காத அன்றைக்கெல்லாம் என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

உருப்படியான படம் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவிடம் கிடைத்தது. டவுன் சர்வே பிளாக் படத்தின் நகல், மனை மனையாக எண் போட்டது. இந்தப் பேட்டை 1734ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காக உண்டானது என்பதில் தொடங்கி, நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆனதுவரை சொல்லிக்கொண்டே வந்தார். சர்வே எண் வேறு, கதவு எண் வேறு என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்கு ஏறியது.

பாட்டியின் 1936ஆம் வருஷப் பிறப்புப் பதிவிலும் அதே தெரு, அதே பதினாலு. அதை வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஆபீஸ் வாசலில் ஒருவர் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாயமானார். அவருக்கு நன்றி கிடையாது.

சரி, தெருவுக்குப் போய்ப் பார்த்தால் பதினாலு என்று எழுதிய வீடு மூன்று. ஒன்றில் பழைய எண் 14, ஒன்றில் புதிய எண் 14, இன்னொன்றில் வெறும் 14. பலகையில் ‘பழைய எண்’ என்று இருந்தால் 1935ன் எண் என்று அர்த்தமில்லை. நடுவில் எத்தனை தடவை மாற்றினார்களோ!

நான் முழிப்பதைப் பார்த்து ஓர் அம்மா கேட்டைத் திறந்து, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். அப்புறம் உள்ளே போய்த் தாய்ப்பத்திரக் கட்டைக் கொண்டுவந்தார். முன்பின் தெரியாத ஒருவனிடம் தாய்ப்பத்திரத்தைக் காட்ட யாருக்கு மனசு வரும்? அதில் 1938ல் அந்த அம்மாவின் வீட்டை அடமானம் வைத்த பத்திரம் ஒன்று இருந்தது. நான்கெல்லை எழுதிய இடத்தில், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்பதற்கு முன்னால், “தெற்கே கம்பாசிட்டர் வாடகைக்குக் குடியிருந்துவரும் 14 நெ. வீட்டுக்கும்” என்று இருந்தது. பக்கத்திலேயே கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

வாடகைக்கு! ‘பட்டணத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது’ என்பது மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெருமை. சொந்தக்காரர் பட்டியலில் நான் தேடித் தேடிக் கிடைக்காத காரணம் அப்போதுதான் விளங்கியது. பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்கிறார்.

தென்பக்கத்து வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கும் நன்றி. போன மாசம் பாட்டியை அழைத்துப் போனோம். வீடு இடித்துக் கட்டியது, பாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலில் நாற்காலி போட்டார்கள். அரை மணி நேரம் பாட்டி எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடி இருந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது.

சார்ட்டர் ஐயா, உங்கள் லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கம்பாசிட்டரின் கொள்ளுப்பேரன்