கோவிலை நிரப்ப வந்தவர்களா?

ஐயா,

கடந்த ஞாயிறு மலரில் ராணிப்பேட்டை வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "காலியாகும் கோவில்களை நிரப்பப் பங்குச்சாமியார்களுக்கு வடநாட்டு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்." எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்குப் போய் முழந்தாளிட்டும் அந்த வரிதான் மனதை அறுத்தது.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த பகுதியில், இருக்கும் ஜார்க்கண்ட் ஓரான், முண்டா பழங்குடிக் குடும்பங்களுக்கு யாரும் இங்கே புதிதாக வேதம் சொல்லிக்கொடுக்கவில்லை. 1885-இல் லீவன்ஸ் என்ற சேசு சபைக் குரு அவர்கள் சொந்த மண்ணான சோட்டாநாக்பூருக்குப் போன காலம்தொட்டு அந்த மண்ணில் கத்தோலிக்கர்கள் பெருகியிருக்கிறார்கள். எங்கள் வேலூர் மறைமாவட்டமே 1952-இல்தான் உருவானது. படித்த தங்களுக்கு இது தெரியாததல்லவே!

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் சாமியாரோடு அவர்கள் அறைகளுக்குப் போவேன். தகரக் கூரை, பகல் ஷிப்டு எழுந்துபோன பாயில் இரவு ஷிப்டு படுக்கிறது. பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு நகக்கண்ணில் தோல் ஆலையின் நீலம் ஏறியிருக்கிறது. அந்தப் பாயின் ஓரத்தில் அமர்ந்து, நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த "ஹே ஹமாரே பிதா" என்ற இந்தி செபத்தை எங்கள் சாமியார் தட்டுத்தடுமாறிச் சொல்வார். பிள்ளைகள் திருத்துவார்கள். ஏழைகளையும் சொந்த நாட்டை இழந்தவர்களையும் பங்குத்தந்தை தேடிப்போக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 529 சொல்கிறது. இவர்கள் நாடு விட்டு வந்தவர்கள் அல்லர்; ஆனாலும் தெருவில் அவர்களை "வடக்கன்" என்று கூப்பிடுவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் ஓர் ஆலையில் ஒரு பையன் இறந்தான். தங்கள் பத்திரிகையில் மூன்று வரி: "வடமாநில வாலிபர் பலி." பெயர் இல்லை. ஒப்பந்தக்காரர் போனை அணைத்துவிட்டார், ஊர் எது என்று உடனிருந்தவர்களுக்கே தெரியவில்லை. சாமியார் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் மடித்திருந்த ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்தார். அதிலிருந்த பங்கின் பெயரை வைத்து அவ்வூர்ச் சாமியாரைத் தொலைபேசியில் பிடித்து, தாய்க்குச் செய்தி சொல்லவைத்தார். போலீஸ் கடிதம், உடலைக் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, ஆம்புலன்ஸ் வாடகை என்று இரண்டு இரவு பிணவறை வாசலிலேயே நின்றார். பையனின் பெயரை எழுதி அன்றே தங்களுக்குத் தபால் போட்டேன். பிரசுரமாகவில்லை.

2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் இங்கே அரிசி உண்டு. கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கடையில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை சாமியார் கூடப் போய் நின்ற பிறகே அரிசி கிடைத்தது. அதையும் எழுதினேன். அதுவும் வரவில்லை.

மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் எழுதவில்லை. இனி விபத்துச் செய்தி வரும்போது இறந்தவரின் பெயரைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் எங்கள் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். இரவு பத்து மணிக்கும் அங்கே விளக்கு எரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ராணிப்பேட்டை